வாடாத மக்காச்சோளம்

பேருந்து ஓட்டும் அம்மாவுக்கு ஒரே மகள். யாரும் கேட்கும் முன்பே பதில் சொல்லிவிடுவதால் வீட்டில் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். இப்போது அவள் தாவர ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி.

அங்கே இரண்டு கண்ணாடி அறைகளில் கோதுமையும் மக்காச்சோளமும் வளர்த்தாள். ஒன்றில் சாதாரணக் காற்று. மற்றதில் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டிய காற்று. கூட்டிய காற்றில் கோதுமை மளமளவென்று வளர்ந்தது. மக்காச்சோளமோ இரண்டிலும் ஒரே உயரம்தான்.

"செடிக்குப் புகை போட்டா டாக்டர் பட்டம் தர்றாங்களா?" என்று மாமா சிரித்தார்.

"புகை இல்ல மாமா, செடிக்கு அதுதான் சாப்பாடு. கோதுமைக்கு எப்பவும் அரை வயிறு, கூடக் கொடுத்தா அள்ளிச் சாப்பிடும். மக்காச்சோளம் கெட்டிக்காரி. கிடைக்கிறதை இலைக்குள்ளயே குவிச்சு வெச்சுக்கும். மேல ஊட்டினாலும் வேண்டாம்னுடும்."

"அப்ப அதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?"

முந்திரிக்கொட்டை முதல் முறையாக, "பார்த்துட்டுச் சொல்றேன் மாமா," என்றாள்.

நீண்ட விடுமுறை ஒன்றில் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டார் புகைந்துபோனது. திரும்பி வந்தவள் கண்ணாடி அறைக்கு ஓடினாள். சாதாரணக் காற்றில் இருந்த மக்காச்சோள இலைகள் குழலாய்ச் சுருண்டிருந்தன. அடுத்த அறைக்குப் போனாள். அங்கே இலைகள் விரிந்து பச்சையாக நின்றன. தொட்டி மண்ணில் விரலை விட்டாள். ஈரம்!

காரணம் பிடிபட்டது. சாப்பாடு தாராளமாகக் கிடைத்ததால், காற்றை உள்ளே இழுக்கும் நுண்துளைகளை இலைகள் சுருக்கிக்கொண்டன; அதே துளைகள் வழியே ஆவியாகும் தண்ணீரும் வீணாகவில்லை.

"தற்செயலா இருக்கலாம்மா. மறுபடி செஞ்சு காட்டு," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர்.

செடிகளைப் புதிதாக வளர்த்தாள். இந்த முறை தானே தண்ணீரை நிறுத்தினாள். அதே முடிவு வந்தது. இரண்டு அறைகளின் காற்றையும் ஒன்றுக்கொன்று மாற்றியும் பார்த்தாள்; அப்போதும் கூட்டிய காற்றில் நின்றவைதான் வாடவில்லை.

பட்டத்துக்காகத் தேர்வாளர்கள் முன் ஆய்வை விளக்கிய நாளன்று அம்மா வேலைச் சீருடையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தேர்வாளர் ஒருவர், "அந்த ஒரு அறையில மட்டும் வெயில் குறைவா விழுந்திருக்கலாமே?" என்று மடக்கினார். மகள் அவசரப்படவில்லை. கேள்வியை முழுசாகக் கேட்டு முடித்து, அறைகளை மாற்றி வளர்த்த செடிகளின் படங்களைத் திரையில் காட்டினாள். கேட்டவர் முகம் மலர்ந்து, முதல் ஆளாகக் கை தட்டினார்.

பிறகு மகள் அம்மாவைக் கண்ணாடி அறைக்கு அழைத்துப்போனாள். அம்மா ஓர் இலையை மெல்ல வருடினார். "இதெல்லாம் நீ வளர்த்ததாடி?" என்றார்.

அம்மா வேலைக்குத் திரும்பி, பயணிகள் ஏறியதும், பெண் கண்டக்டர் விசில் ஊதினார். அம்மா வண்டியைக் கிளப்பவில்லை.

"இரும்மா, கேளு. தண்ணி இல்லாத நேரத்துல மக்காச்சோளம் எப்படித் தாக்குப்பிடிக்குதுன்னு எம்பொண்ணு பெரிய பெரிய ஆளுங்க முன்னாடி விளக்கினா. நான் பார்த்தேன், இந்தக் கண்ணால."

பின்னால் இருந்த பயணிகளும் எட்டிப் பார்த்தார்கள். அம்மா அவர்களுக்காக இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார்.