அவிழ்க்காத காப்பு

வெள்ளைக்காரன் ஒருவன் எங்கள் வாசலில் வந்து நின்றபோது நான் கானாங்கெளுத்தி கழுவிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் எங்கள் அம்மன் கோயிலில் காப்புக் கட்டு. காப்பு ஏறிவிட்டால் ஆடித் திருவிழா முடிகிறவரை வீட்டில் கவிச்சி கிடையாது. கடைசிக் குழம்பையாவது வாய்க்கு ருசியாக வைக்கலாம் என்று உட்கார்ந்தால், அதற்கும் ஒரு சனியன் வந்து நிற்கிறது.

"சொல்தா சிகாமணி?" என்றான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணியும் ஒரு சொல்தாதான். சைகோன் பக்கம் சண்டைக்குப் போய், ஐம்பத்து நாலில் சண்டை நின்றதும் திரும்பி வந்தவர். அதற்குப் பிறகு எங்கள் உப்பளம் குப்பத்தை விட்டு அவர் நகர்ந்ததில்லை. கட்டுமரம், வலை, என் வசவு, இவ்வளவுதான் அவர் உலகம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

உள்ளே பாயில் உட்கார்ந்து இருவரும் பிரெஞ்சில் பேசினார்கள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மீன் விற்கிற அளவுக்குத்தான். 'பொன்ழூர் மதாம்' சொல்லி, இறாலைத் தூக்கிக் காட்டி, விலை சொல்லத் தெரியும். மற்றதெல்லாம் எனக்கு வெறும் சத்தம். ஆனால் அந்தச் சத்தத்தின் நடுவில் ஒரு வார்த்தை வந்து என்னைத் தூக்கிப்போட்டது. காப்பு. தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி இன்னொரு தரமும் சொன்னான், காப்பு. என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது.

எங்கள் அம்மன் சங்கதி இந்தப் பரங்கிக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீனைப் பூனை தூக்கிக்கொண்டு போனதைக்கூட அப்புறம்தான் பார்த்தேன்.

சாயங்காலம் வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு அவன் போனான். நான் உள்ளே போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"யாரு அவன்?"

"தெரியல. பிரெஞ்சு பேசறான், ஆனா பிரெஞ்சுக்காரன் இல்ல. பூச்செடி சேகரிக்கிறேங்கறான்."

"பூச்செடிக்காரனுக்கு உங்ககிட்ட இன்னா வேலை? நம்ம வூட்ல கத்தாழகூட கெடையாது."

"லாவோசுக்குக் கூப்புடறான், செல்வா."

லாவோஸ் என்ற பேரைக் காத்தவராயன் டீக்கடை ரேடியோவில் கேட்டிருக்கிறேன். அது இனிமேல் எந்தப் பக்கமும் சேராத நாடாம். வெளியாட்கள் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டும் என்று பெரிய பெரிய தேசமெல்லாம் இப்போதுதான் கையெழுத்துப் போட்டதாம். எல்லோரும் வெளியே வரவேண்டிய ஊருக்கு இவரை மட்டும் எதற்கு உள்ளே கூப்பிடுகிறார்கள்?

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். எட்டு வருஷமாகச் சைகோன், சைகோன் என்று எனக்குச் சொன்னவர், கடைசியில் இருந்தது லாவோஸ் மலையில். ஒரு பிரெஞ்சு லெப்தினான் துரையும் இவரும் இன்னும் சில பேரும். மலை ஜனங்களை எதிராளிக்கு விரோதமாகக் கிளப்பிவிடுவது துரைக்கு வேலை. துப்பாக்கி கொடுப்பார்கள், உப்பு கொடுப்பார்கள், ஆசை காட்டுவார்கள். இவர் கம்பியில்லாத் தந்திப் பெட்டியைச் சுமந்துகொண்டு கூடவே போனவர். மலைப்பேச்சும் கொஞ்சம் கற்றுக்கொண்டார்.

"அங்க சோங்னு ஒரு தலைவன். எனக்குக் காச்சல் வந்தப்போ அவன் பொண்டாட்டிதான் கஞ்சி ஊத்துனா. அந்த ஊர்லயும் கையில கயிறு கட்டுவாங்க, நோய்நொடி வராம இருக்க. ஒரு ஆடி மாசம் நம்ம அம்மன நெனச்சி நான் அவனுக்குக் கட்டுனேன். அவன் எனக்குக் கட்டுனான். எங்க ஊர்ல இத கட்டிக்கிட்டா, திருவிழா முடியறவரைக்கும் எல்லை தாண்ட மாட்டோம்னு வெள்ளந்தியாச் சொன்னேன். தொர அத கேட்டுட்டாரு."

"கேட்டுட்டு?"

"எல்லாருக்கும் கட்டுன்னாரு. சண்டை முடியறவரைக்கும் ஒருத்தரும் மலைய வுட்டு எறங்கறதில்லன்னு சத்தியம். தொரயும் கட்டிக்கினாரு. அப்புறம் சண்டைய நிறுத்திட்டாங்க. விமானம் வந்துச்சு. எங்கள மட்டும் ஏத்திக்கினு போயிடுச்சு."

"இப்ப அந்தச் சோங்கு?"

"அவனோட ஆளுங்க பாதிப்பேரு எறங்கி ஆத்தத் தாண்டி வேற நாட்டுக்குப் போயிட்டாங்களாம். இவன் நகர மாட்டேங்கறானாம். ஏன்னு கேட்டா கையத் தூக்கி, காப்புங்கறானாம். கயிறு இத்துப்போவ இத்துப்போவ புதுசு சேத்து முறுக்கிக்கறானாம்."

எங்கேயோ மலையில் ஒரு மனுஷன் எங்கள் அம்மன் காப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கிளப்பிவிட்டது யார், அவன் யாருக்காகச் சண்டை போடுகிறான், எதிராளி யார், இந்தப் பூச்செடிக்காரன் எந்தக் கட்சி, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவரைக் கேட்டால் அவருக்கும் பிடிபடவில்லை. அங்கே அண்ணன் தம்பிகளே ஆளுக்கொரு பக்கமாம். முன்னே துப்பாக்கி கொடுத்தவன் ஒருத்தன், இப்போது கொடுக்கிறவன் வேறொருத்தன். வெள்ளைத்தோல் அங்கே தெரிந்தால் வெளியாள் என்று பிடித்துவிடுவார்களாம். இவரைப் போலக் கறுத்த ஆள் போனால் யார் கண்ணையும் உறுத்தாதாம். போய் அந்த ஜனங்களுக்கு மறுபடியும் காப்புக் கட்டி, மலையிலேயே நிற்க வைக்க வேண்டுமாம்.

"போயி அவுத்துவுட்டுட்டு வந்துடறேன் செல்வா. கட்டுனவன் நான்தான?"

"யோவ், அவுக்கவா அவன் ஒன்ன கூட்டினு போறான்? கட்டச் சொல்லி முதுகுல துப்பாக்கி வெப்பான். நீ வரவே மாட்ட." மரியாதையெல்லாம் எனக்குப் பறந்துவிட்டது. "எழுந்திரு. கோயிலுக்குப் போலாம். ஒனக்குக் காப்பு கட்டிட்டா எந்தப் பரங்கி எல்லை தாண்ட வெக்கறான்னு பாக்கறேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். அங்கே ஒரு அழுக்குக் கயிறு. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பார்க்கிற கயிறுதான். நாகூர்த் தாயத்து என்று சொல்லியிருந்தார்.

"இது சோங்கு கட்டுனது. இதுக்கு மேல எப்பிடிக் கட்டறது? இதோடதான் எல்லை தாண்டி வந்தேன்" என்றார்.

நான் அழுதேன். பயந்துதான் அழுதேன். எட்டு வருஷம் வருஷா வருஷம் காப்புக் கட்டு அன்று இவர் தலைவலி என்று படுத்துக்கொண்டது எதனால் என்று அப்போதுதான் விளங்கியது.

பொழுது சாயும்போது வெள்ளைக்காரன் வந்தான். காரை நிறுத்தாமல் உறும விட்டிருந்தான்; மெட்ராசுக்குப் போய் விமானம் ஏற வேண்டுமாம். என் வீட்டுக்காரர் அவனிடம் ஏதோ சொன்னார். அவன் தலையை ஆட்டினான். பிறகு அவர் என் அரிவாள்மணையை இழுத்து, கையைச் சாய்த்து, அந்தக் கயிற்றை அறுத்தார். அறுத்ததை இரண்டு கையாலும் வெள்ளைக்காரனிடம் கொடுத்தார்.

அவனுக்கு வாயெல்லாம் பல். கயிற்றைச் சிகரெட் டப்பாவில் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவர் தோளைத் தட்டி, எனக்குக்கூட ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

"ஒத்துக்கிட்டியா? பாவி மனுசா, ஒத்துக்கிட்டியா?" என்று நான் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"இல்ல செல்வா. நான் வரல, இத சோங்குகிட்ட குடு, நான் குடுத்தேன்னு சொல்லு, அவனுக்குப் புரியும்னேன். இத காட்டுனா நம்ம ஆளுன்னு நம்புவாங்கன்னு இவன் நெனச்சிக்கினான்." கயிறு இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார். அங்கே தோல் வெளுத்திருந்தது. "நம்ம ஊர்ல அறுத்த காப்பப் பாத்தா இன்னா அர்த்தம்?"

திருவிழா முடிந்தது. அவரவர் போகலாம் என்று அர்த்தம்.

சிரித்தேன் பாருங்கள், அப்படிச் சிரித்தேன். போய்ச் சேர் என்று அந்த மனுஷனுக்குச் சொல்லும் சேதியை, அவனைப் பிடித்துவைக்கப் பார்க்கிறவனே மடியில் கட்டிக்கொண்டு போகிறான். இந்த மந்தமான மனுஷனுக்கு இவ்வளவு புத்தி எங்கே இருந்தது! கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். கூட்டத்தை இடித்துத் தள்ளி அவரை முன்னால் நிறுத்தினேன்.

பூசாரி தணிகாசலம் மஞ்சள் நனைத்த கயிற்றை அவர் மணிக்கட்டில் சுற்றினார். பம்பை முழங்கியது. முடிச்சு இறுகும்போது என் வீட்டுக்காரர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"செல்வா. கட்டறதப் பத்திதான் சோங்குகிட்ட சொன்னேன்."

"சரி?"

"அவுக்கறதப் பத்திச் சொன்னேனா?"

எனக்கு எப்படித் தெரியும்?

"அங்க திருவிழாவே முடியலியே. அறுத்து அவன் பாத்ததே இல்லியே. நான் செத்துட்டேன்னு நெனப்பானா? இல்ல, அவனையும் கூப்புடறேன்னு நெனப்பானா? அந்த ஆள் போயி வேற எதனா சொல்லிட்டான்னா?"

அவர் கோயில் வாசல் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். கார் இந்நேரம் ஊரைத் தாண்டியிருக்கும். அவர் இனி எல்லையைத் தாண்டிப் போய் அவனைப் பிடிக்க முடியாது. கட்டவைத்தவள் நான்.

"சொல்லுப்பா" என்றார் பூசாரி. "திருவிழா முடியறவரைக்கும் எல்லை தாண்ட மாட்டேன்னு அம்மன்கிட்ட சொல்லு."

அவர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பதிலாக நான்தான் சொன்னேன்.