கட் சொல்லாத ஷாட்

பொணம் கடைசியாகச் செத்தபோது அந்த அறையில் இருந்தவர்கள்: டைரக்டர், கேமராமேன், மேக்கப்காரர், டாக்டர் வேஷத்தில் நிஜமான ஒரு பல் டாக்டர், கட்டிலைச் சுற்றி அழுவதற்காக வந்திருந்த மூன்று பெண்கள், டீ கொண்டுவந்தவர், கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு தயாரிப்பாளர். இத்தனை பேரில் 'கட்' சொல்ல வேண்டியவர் டைரக்டர் ஒருவர்தான். அவர் சொல்லவில்லை. அதனால் பொணம் எழுந்திருக்கவில்லை.

பொணம் என்பது யூனிட் ஆட்கள் செல்லமாக வைத்த பெயர். தமிழ்ப் படங்களில் கூட்டத்தில் ஒருவராக, ஹீரோவின் தோளுக்குப் பின்னால் பாதிக் காது மட்டும் தெரியும்படி, சில வருடங்கள் நின்றுகொண்டிருந்தார். ஒரு சண்டைக் காட்சியில் மாடியிலிருந்து விழச் சொன்னார்கள். விழுந்தார், செத்தார். ஸ்டன்ட் மாஸ்டர் மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு அலறினார். அந்தப் படத்தின் டைரக்டர் பதறிப்போய் 'கட், கட்' என்று கத்தியதும் பொணம் எழுந்து, முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, சரியா வந்துச்சா சார் என்று கேட்டார். அதிலிருந்து அவருக்கு ஓய்வே இல்லை. குத்துப்பட்டுச் செத்தார், வெள்ளத்தோடு போனார், காய்ச்சலில் போனார், கூடப்பிறந்தவன் செய்த துரோகம் தாங்காமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார். மற்ற நடிகர்கள் செத்துக்கிடக்கும்போது இமை துடிக்கும், வயிறு ஏறி இறங்கும். இவரிடம் அந்தத் தொல்லை இல்லை. ஒரே ஒரு விதி உண்டு: 'ஆக்‌ஷன்' சொன்ன வாய்தான் 'கட்' சொல்ல வேண்டும். ஒருமுறை உதவி டைரக்டர் முந்திக்கொண்டு சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை.

மனைவிக்கு இது பழகிப்போயிற்று. செத்துவிட்டு வரும் நாட்களில் அவருடைய பாதம் மட்டும் லேசில் சூடாகாது. பக்கெட்டில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அங்கே எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்லடி. லைட்டு கம்மி. யாரும் தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னு சொல்ல மாட்டாங்க. அது ஒண்ணுதான் சௌகரியம்."

"அப்ப அங்கயே இருந்துக்கங்களேன்."

"டீ கிடையாதே."

கடைசிப் படத்தின் டைரக்டருக்கு யூனிட்டில் ஒன்மோர் என்று பெயர். எந்த ஷாட் முடிந்தாலும் தலையை இடப்பக்கம் சாய்த்து ஒரு கணம் யோசிப்பார், பிறகு 'ஒன் மோர்' என்பார். அன்று காலையிலிருந்து பொணம் நெஞ்சில் குண்டு பட்டுத் திரும்பத் திரும்பச் செத்துக்கொண்டிருந்தார். பொறுமை போன தயாரிப்பாளர், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார். "முடியாத ஷாட்டுக்கு நான் கட் சொல்ல மாட்டேன்யா" என்று இருட்டில் ஒன்மோரின் குரல் கேட்டது. செட்டை விட்டுப் போனவர் போனவர்தான். கோபத்தில் கட்டிலில் ஒருவர் கிடப்பதை மறந்துவிட்டார். ஞாபகம் வந்தபோது கூடவே வீம்பும் வந்துவிட்டது.

மனைவி அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் ஜன்னலோரம் கிடத்தினாள். உடம்பு கெடவில்லை, தாடி வளரவில்லை. மேக்கப்காரர் சட்டையில் ஊற்றிய ரத்தம் ஊற்றிய ஈரத்தோடு அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில், செத்தார் என்றும் சொல்ல மாட்டோம், சாகவில்லை என்றும் சொல்ல மாட்டோம் என்று கைகழுவினார்கள். அவள் தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். விடுமுறை நாட்களில் ஃபேனைத் துடைத்த கையோடு அவரையும் துடைத்தாள். மகள் கட்டிலோரம் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்தாள், பிறகு அல்ஜீப்ரா படித்தாள், பிறகு வேலைக்குப் போய் முதல் நாளே மேனேஜரைத் திட்டிவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். அப்பா எங்கே என்று கேட்பவர்களிடம் ஷூட்டிங்கில் இருக்கிறார் என்பாள். பொய் இல்லை.

ஒன்மோர் சினிமாவை விட்டுத் திரைச்சீலைக் கடை வைத்திருந்தார். மனைவி போய்க் கெஞ்சும்போதெல்லாம், "லைட்டையே அணைச்சுட்டாம்மா. அந்தாளு வந்து தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்பார். தயாரிப்பாளர் சொல்ல மறுத்தார். பிறகு அவரும் செத்துப்போனார். அவருக்கு யாரும் ஆக்‌ஷன் சொல்லியிருக்கவில்லை.

ஒரு காலை, துடைக்கும்போது துணியில் ஏதோ பொடி உதிர்ந்தது. ரத்தம் ஓரத்தில் காயத் தொடங்கியிருந்தது. மேக்கப்காரரை வரவழைத்தாள். அவர் விரலால் தொட்டு, முகர்ந்து, உதட்டைப் பிதுக்கினார்.

"முழுசா காஞ்சா கன்டினியுட்டி போச்சு அண்ணி. அப்புறம் டைரக்டரே வந்து கட் சொன்னாலும் இந்த ஷாட்டோட ஒட்டாது."

"புதுசா ஊத்திட்டா?"

"அது வேற ஷாட்டு."

மத்தியானம் கடைக்குப் போனாள். இந்த முறை கெஞ்சவில்லை. தொங்கிக்கொண்டிருந்த ஒரு துணியைத் தடவிப் பார்த்தபடி, வேறு ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினாள்.

"ஒரு டைரக்டர் வந்தாரு சார். சின்ன வயசு. அந்த ஷாட்ட நான் முடிச்சுத் தர்றேங்கிறாரு."

"யாரு?"

"பேரு எதுக்கு? உங்கள விட நல்லா ஷாட்டு வெப்பாராம்."

"என் ஷாட்டுல எவன் கை வெக்கிறது?" என்று ஒன்மோர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. தன்னைத் தவிர வேறு யார் சொன்னாலும் பலிக்காது என்பது அந்த நேரத்தில் அவர் புத்தியில் ஏறவில்லை. எவனும் வரவும் இல்லை. அவள் வாழ்க்கையில் கூசாமல் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஒன்மோர் பழைய கேமராமேனோடு வந்து இறங்கினார். கேமராவில் ஃபிலிம் இல்லை, அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஜன்னல் வெளிச்சம் தூக்கலாக இருக்கிறது என்று கடையிலிருந்து ஒரு மெல்லிய துணியை வரவழைத்துக் கட்டினார். தலையணையை நகர்த்தினார், திரும்ப இருந்த இடத்துக்கே நகர்த்தினார். சட்டையில் ஈரம் பொட்டளவுக்குச் சுருங்கியிருந்தது. மனைவி சுவரோடு சுவராக நின்றாள். ஒன்மோர் குனிந்து, பார்த்து, பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் சொன்னார்:

"கட்."

பொணம் மூச்சை இழுத்து, எழுந்து உட்கார்ந்து, கழுத்தைச் சொறிந்தார். மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருடி உனக்கு நரை வெச்சது? ரொம்ப நேச்சுரலா இருக்கு."

"அப்புறம் சொல்றேன். முதல்ல கீழ இறங்குங்க."

சமையலறையிலிருந்து வந்த பெண் அவர் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்து, "டீப்பா" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், டீயைப் பார்த்தார், குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார்.

ஒன்மோரின் தலை மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. அதைக் கண்ட பொணம் பழக்கதோஷத்தில் டம்ளரை மகளிடம் நீட்டிவிட்டுப் படுக்கப் போனார். கேமராமேனுக்கு நிலைமை புரிந்தது, ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அவராகவே வாசலுக்கு நடந்தார். மனைவி ஒன்மோரின் முழங்கையைப் பிடித்து, நன்றி சார், ரொம்ப நன்றி சார் என்று சொல்லிக்கொண்டே வெளியே தள்ளினாள். அவர் 'ஒன்' என்று வாயெடுத்ததும் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, பூட்டிவிட்டாள்.