யோகலிங்கம் காப்பாற்றிய வாங்கு

யோகலிங்கத்துக்கு ஒரு வியாதி இருந்தது. எங்கேயாவது கதிரை அடுக்கிக் கூட்டம் வைக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், கால் தானாக அங்கே போய்விடும். போனால் வாய் சும்மா கிடக்காது. வாய் திறந்தால், கூட்டம் கலையும்போது அவர் ஏதோ ஒரு சங்கத்துக்குத் தலைவராகியிருப்பார். வவுனியாவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற மனிதர் எப்படி நன்னீர் மீன் வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவரானார் என்பது அவருக்கே விளங்காத விஷயம். அவருக்குத் தெரிந்த மீன் எல்லாம் குழம்பில் கிடப்பதுதான். இதை அவரே எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் நக்கலடிக்கும் முன் தன்னைத் தானே நக்கலடித்துக்கொண்டால் நோகாது என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு அதுவரை பிசகியதில்லை.

ஒரேயொரு விஷயத்தில் மட்டும் அவர் நக்கல் பண்ணமாட்டார், பண்ணவும் விடமாட்டார். அது அவருடைய காதல் கதை.

சண்டைக் காலம் அது. வவுனியாவுக்கு வடக்கே தண்டவாளம் இல்லை, ரயிலுக்கு வவுனியாதான் கடைசி. பரந்தனிலிருந்து புறப்பட்டு வந்த இளந்தாரி யோகலிங்கம் கொழும்புக்குப் போய், அங்கிருந்து மாமன் ஒழுங்குபண்ணிய ஏஜென்சிக்காரன் மூலம் வெளிநாடு போகவேண்டியவர். ரயில் நிலையத்தின் தகரக் கூரைக்குக் கீழே, இரும்புக் கால் வைத்த தேக்கு வாங்கில், நாலு பேர் இருக்கக்கூடிய நீட்டு ஆசனத்தில், ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் இருந்தாள். அவளைப் பார்த்தார். ரயில் போய்விட்டது. அவர் போகவில்லை. அந்தப் பெண்தான் அவருடைய மனைவி சிவலட்சுமி.

கதை இவ்வளவுதான். ஆனால் சீமெந்து வாங்க வந்தவர்கள் முதல் கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் வரை எல்லோருக்கும் முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அது கொஞ்சம் சதை போட்டிருந்தது. ஆரம்பத்தில் அதில் மழை பெய்யவில்லை. பிள்ளைகள் பிறந்த பிறகு பெய்யத் தொடங்கியது. மகள் பல்கலைக்கழகம் போன வருஷம் அந்தப் பெண்ணின் மடியில் ஒரு புத்தகமும் வந்து சேர்ந்தது. அவர் கதையை எடுத்தாலே சிவலட்சுமி எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். வெட்கம் என்று யோகலிங்கம் நினைத்துக்கொள்வார்.

அந்த ரயில் நிலையத்தைத்தான் இடிக்கப் போகிறார்கள் என்றார்கள். பழைய ரயில் நிலையத்தையும் பக்கத்திலிருந்த பஸ் தரிப்பிடத்தையும் ஒன்றாக்கி, ரயிலால் இறங்கியவர் நனையாமல் பஸ் ஏறும்படி பெரிய நிலையம் ஒன்று வரப்போகிறது, பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். அறிவித்தவர்களுக்கு யோகலிங்கத்தைத் தெரியாது.

கூட்டம் முடியும்போது அவர் புராதன புகையிரத நிலையப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற தங்கராசா செயலாளர். யோகலிங்கம் என்ன சொன்னாலும் தலையாட்டுவது தங்கராசாவின் சுபாவம். சங்கத்தில் வேறு ஆளில்லாததால் தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாக நிறைவேறின.

திட்டத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர் தாட்சாயினி என்ற இளம்பெண். பொறுமை மிக்கவள். படத்தை மேசையில் விரித்து, பஸ் தரிப்பிடத்து மூலையில் நிற்கும் பெரிய வாகை மரத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றித்தான் பஸ்கள் வரும்படி கீறியிருப்பதாக விளங்கப்படுத்தினாள். மரத்தைப் பற்றி யோகலிங்கத்துக்கு ஒரு கவலையும் இல்லை. அவர் கேட்டது வாங்கை. அதற்கென்ன, கழற்றிக் கொண்டுபோய்ப் புது மண்டபத்தில் வைத்துவிடலாம் என்றாள். யோகலிங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. இடம் மாறினால் அது வெறும் பலகை, நிற்கிற இடத்தில் அந்தத் தகரக் கூரையோடு நிற்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அங்கே ஒரு சரித்திரம் நடந்திருக்கிறது என்றார். எந்த ஆண்டு என்று அவள் பேனையை எடுத்ததும் பேச்சை மாற்றினார்.

பிறகு மாதக்கணக்காக அவளுடைய அலுவலகத்துக்கு நடந்தார். கடையை மகனிடம் விட்டுவிட்டுப் போய் அவளுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். கடைசியில் அவள் படத்தைத் திரும்பக் கீறிக்கொண்டு ஒரு கூட்டத்துக்கு வந்தாள்.

“ஐயா, அந்த வாங்கும் கூரையும் அந்த இடத்திலேயே நிக்கவேணுமெண்டால் பஸ் வாற பாதையை இந்தப் பக்கம் திருப்பவேணும். திருப்பினால் வாகை நிக்காது. ரெண்டில ஒண்டுதான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

யோசிக்க யோகலிங்கத்துக்கு எங்கே நேரம்? சபை நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

“பிள்ளை, மரம் எங்கையும் முளைக்கும். வாங்கு முளைக்குமோ?”

சபை சிரித்தது. தங்கராசா எழும்பி நின்று கைதட்டினார். அந்தச் சந்தோஷத்திலேயே யோகலிங்கம் சங்கத்தின் சம்மதத்தை எழுதிக் கையெழுத்தும் வைத்தார். அந்த வசனம் அவருக்கே அவ்வளவு பிடித்துப்போய்விட்டது, ஒரு கிழமையாகக் கடைக்கு ஆணி வாங்க வந்தவனுக்கெல்லாம் சொன்னார்.

வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. அவர்களுக்குக் கல்யாணமாகி முப்பதாவது வருஷம் அது. புது நிலையம் திறக்கிற அன்றைக்குச் சிவலட்சுமியைக் கூட்டிக்கொண்டுபோய், இதோ உமக்காகக் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று அந்த வாங்கில் இருத்தவேண்டும். உலகத்தில் வேறு எந்தப் புருஷனாவது மனைவிக்கு ரயில் நிலையத்தில் பங்கு வாங்கிக் கொடுத்திருக்கிறானா என்று நினைத்து அவர் தனியே சிரித்துக்கொண்டார். அவர் எந்தச் சங்கத்துக்குத் தலைவர் என்று விசாரிக்கிற பழக்கத்தைச் சிவலட்சுமி எப்போதோ விட்டுவிட்டாள். அவள் குடும்பநல மருத்துவமாது. கர்ப்பிணிகளின் வீடு வீடாகப் போய்வருகிறவளுக்கு அவருடைய கூட்டங்களைக் கணக்கெடுக்க நேரமில்லை.

ஒருநாள் பின்னேரம் அவள் பிந்தி வந்தாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உடுப்பும் மாற்றாமல் விறாந்தைக் கதிரையில் இருந்தாள்.

“வாகையை வெட்டிப்போட்டாங்கள்,” என்றாள்.

அபிவிருத்தி என்றால் அப்படித்தான், வேறு கன்றுகள் நடுவார்கள் என்று யோகலிங்கம் சொன்னார். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வெட்டி முடியும்வரைக்கும் ரோட்டுக்கு அங்காலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

“நீங்கள் கூட்டங்களுக்குப் போறனீங்கள்தானே. மரத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ?”

“சொன்னனான்,” என்றார் யோகலிங்கம்.

அது பொய்யில்லை. சொல்லத்தான் சொன்னார், சபையே சிரிக்கும்படி சொன்னார். அவள் அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. வேலைக் களைப்பு என்று நினைத்து, அவளுடைய பங்கு இடியப்பத்தையும் இவரே சாப்பிட்டார்.

திறப்பு விழா வந்தது. பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டு, கால் நிலத்தில் படாமல் யோகலிங்கம் மனைவியைக் கூட்டிக்கொண்டு நேரத்தோடேயே போனார். நிலமெல்லாம் மினுங்குகிற மாபிள், கண்ணாடிச் சுவர், ரயிலும் பஸ்ஸும் வரும் நேரத்தைக் காட்டுகிற விளக்குப் பலகை. அதற்கு நடுவில், புதுப் பல்வரிசையில் பிடுங்காமல் விட்ட பழைய பல்லைப்போல, அந்தத் தகரக் கூரையும் அதன் கீழே வார்னிஷ் பூசிய வாங்கும். பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை.

“இரும்,” என்றார் யோகலிங்கம். “உமக்காகத்தான். இதிலதான் உம்மை முதன்முதல் கண்டனான். இதை இடிக்க விடாமல் நான்தான் மறிச்சனான்.”

சிவலட்சுமி வாங்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஏதோ பகிடி விடுகிறார் என்று முதலில் நினைத்திருக்கவேண்டும், ஏனென்றால் சிரிக்கத் தயாரானாள். பிறகு அவருடைய முகத்தில் பகிடி இல்லை என்பது தெரிந்துவிட்டது. அவளுடைய ஆட்கள் எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்து வவுனியாவில் குடியேறியவர்கள். இங்கேயே வளர்ந்து இந்த ஊர்ப் பேச்சே பேசினாலும், மனம் நொந்தால் மட்டும் அவளுக்குத் தாயின் பேச்சு வந்துவிடும்.

“நான் எப்பங்க இதுல உக்காந்தேன்? ஆமி குடுக்கிற பாஸ் இல்லாம எங்கள ஸ்டேஷனுக்குள்ளேயே விடமாட்டாங்களே. நானும் அம்மாவும் வெளிய வாக மரத்தடியிலதானே கச்சான் கடல வித்தோம்.”

யோகலிங்கம் வாங்கைத் திரும்பிப் பார்த்தார்.

“அது, கச்சான் விக்கிறவ மகளான்னு உங்க அம்மா கோவிச்சுக்குவாங்கன்னு நீங்க அவங்களுக்குச் சொன்ன கத. ஊருக்குச் சொல்றீங்க, சொல்லிட்டுப் போங்கன்னு நானும் விட்டுட்டேன். உள்ளுக்குள்ள உங்களுக்கு ஞாபகம் இருக்கும்னுதான் நெனச்சேன்.”

ஞாபகம் அப்போதுதான் வந்தது. மழையில்லை, நல்ல கொதிக்கிற வெயில். கொழும்புக்குப் போகிற பாஸ் கிடைக்காமல் அவர் நாள்கணக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தார். வாகை நிழலில் ஒரு தாயும் மகளும் தாச்சிச் சட்டியில் மணல் போட்டுக் கச்சான் வறுத்தார்கள். மகளைப் பார்ப்பதற்காக ஒரு சுருள் வாங்கினார். பிறகு இன்னொன்று. சும்மா நின்று பார்த்தால் அடி விழும், கச்சான் வாங்கினால் நிற்கலாம். அப்படி ஒருநாள் அளவில்லாமல் வாங்கித் தின்று, அங்கே நின்ற பஸ் ஒன்றின் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சத்தியெடுத்தார். தாய் இஞ்சி இடித்துச் சுடுதண்ணீரில் போட்டுக் கொடுத்தாள். மகள் சிரித்தாள். அவர் வெளிநாடு போகாமல் நின்றது அந்தச் சிரிப்புக்காக. பரந்தனில் தன்னுடைய தாயிடம் கச்சான் தாச்சியைப் பற்றிச் சொல்லப் பயந்து ரயில் ஏற வந்த பெண் என்று சொன்னார். அந்தப் பெண்ணுக்கு ஒரு வாங்கு கொடுத்தார், மழை கொடுத்தார், புத்தகம் கொடுத்தார். கொடுத்துக் கொடுத்து, சத்தியெடுத்த இடத்தை மறந்துபோனார்.

“வாகைய யாருங்க வெட்டச் சொன்னா?” என்று சிவலட்சுமி கேட்டாள்.

யோகலிங்கம் பதில் சொல்லுமுன் ஒலிபெருக்கியில் அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர் இப்போது உரையாற்றுவாராம்.

மேடைக்குப் போனார். சேட்டுப் பையில் பேச்சு எழுதிய கடுதாசி இருந்தது. அதில் மழை இருந்தது. அதை எடுக்கவில்லை. முன்வரிசையில் தாட்சாயினியும் தங்கராசாவும் இருந்தார்கள். கூட்டத்தின் கடைசியில், அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, சிவலட்சுமி நின்றுகொண்டிருந்தாள்.

“நான் காப்பாற்றினது பிழையான சாமான்,” என்று அவர் தொடங்கினார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கச்சானைச் சொன்னார், சத்தியைச் சொன்னார், இஞ்சித் தண்ணீரைச் சொன்னார். பொறியியலாளர் பிள்ளை மரத்தை விட்டுவைத்துத்தான் படம் கீறினவ, அதை வெட்ட வைத்தது நான், என்ரை மனுசியைக் கண்ட மரத்தை நானே கையெழுத்துப் போட்டு வெட்டுவித்தேன் என்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. யோகலிங்கம் தன்னை நக்கலடிப்பது அவர்களுக்குப் பழகிய விஷயம்தானே. தங்கராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாட்சாயினி சிரிக்கவில்லை, குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோகலிங்கத்துக்கு நொந்தது. முப்பது வருஷமாகச் சரியாக வந்த கணக்கு அன்றைக்குப் பிசகிவிட்டது.

மேடையை விட்டு இறங்கி வந்தபோது சிவலட்சுமி அந்த வாங்கில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருக்க அவருக்குப் பயமாக இருந்தது. அவள் சேலையை இழுத்து இடம் விட்ட பிறகுதான் இருந்தார். வார்னிஷ் மணம் மூக்கில் அடித்தது.

“வேலிக்கு வெளியில நிண்டு நானும் அம்மாவும் இந்த வாங்கைப் பாப்பம்,” என்றாள். தாயின் பேச்சுப் போய் அவளுடைய பேச்சுத் திரும்பி வந்திருந்தது. “ஒருநாளைக்கு இதில காலை நீட்டிக்கொண்டு இருக்கோணும் எண்டு அம்மா சொல்லுவா.”

யோகலிங்கத்துக்குப் போன உயிர் கொஞ்சம் திரும்பியது. அப்படியென்றால் முழுக்கப் பிழையில்லை, தெரியாமலென்றாலும் ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறோம் என்று அந்த மனம் உடனே ஒரு நியாயத்தைத் தேடிப் பிடித்தது. அதைச் சொல்லத் தொண்டையைக்கூடச் செருமினார்.

சிவலட்சுமி காலை நீட்டி, பின்னால் சாய்ந்து, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்த்தாள். முந்தி வாகை நின்ற இடத்தில் பரந்தன் பஸ் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது.

“இதில இருந்து பாத்தால் மரம் நல்ல வடிவாத் தெரிஞ்சிருக்கும்,” என்றாள்.