கான்டெஸாவின் குளிர்காற்று

தேவபிரசாதத்துக்கு அவர் மனைவி கிரேசி கடைசியாக வைத்த பெயர் அண்ணாச்சி. நாற்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்திய பெண்டாட்டி, பலசரக்குக் கடைக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி அத்தனை மரியாதையாக அண்ணாச்சி என்று கூப்பிட்டால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும்? "அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரங்க ஹார்பர்ல இருந்து இன்னும் வரலையா?" என்று தினமும் சாயங்காலம் அவரிடமே வந்து கேட்பாள். ஆரம்பத்தில் "நாந்தாம்ளா அது" என்று சொல்லிப் பார்த்தார். அவள் மிரண்டுபோய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதற்கப்புறம் "இப்ப வந்துருவாரும்மா" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

கிரேசி சாத்தான்குளத்துக்காரி. கணக்கு டீச்சர். ஒரு ஊர்ப் பிள்ளைகளையே வாய்ப்பாடு சொல்ல வைத்த வாய் அது. அந்த வாய்க்கு இப்போது பெற்ற மகள் பேரே சமயத்தில் வருவதில்லை. மறதி நோய் என்றார் டாக்டர். மருந்து தந்தார். நோயோ தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கிரேசி பழைய கிரேசியாக இருந்தாள். அது வீட்டு வாசலில் நிற்கிற அந்தப் பழைய கான்டெஸா காரின் முன்சீட்டு. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏ.சி.யைப் போட்டு, ஹார்பர் ரோட்டில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால், குளிர்காற்று முகத்தில் அடிக்க அடிக்க அவள் தோள் இறங்கும், நெற்றிச் சுருக்கம் போகும். "ஏங்க, அந்த லாரிக்காரன் ஏன் இப்படி ஓட்டுதான்?" என்பாள். அந்த 'ஏங்க' ஒன்று போதும் தேவபிரசாதத்துக்கு. அன்றைக்குச் சாப்பாடு இறங்கும், தூக்கம் வரும்.

இப்போது அந்த ஏ.சி.தான் படுத்துவிட்டது. ஏ.சி. என்றால் முழுதாக அல்ல. கம்ப்ரஸர் ஓடுகிறது, குழாய் ஜில்லென்று வேர்க்கிறது. குளிரை உள்ளே தள்ளிவிட வேண்டிய புளோயர் மட்டும் மூச்சு விடவில்லை. சித்திரை வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். நிலக்கரித் தூசியும் லாரிச் சத்தமும் சேர்ந்து அவளைக் கலக்கிவிட்டன. ஓடுகிற வண்டியின் கதவைத் திறந்துகொண்டு இறங்கப் பார்த்தாள். நல்லவேளை, சேலையை எட்டிப் பிடித்துவிட்டார். வாடகைக்குப் புதுக்கார் பிடித்துப் பார்த்தபோதும் அதே கதைதான். "யார் வண்டி அண்ணாச்சி இது? என்னை எங்க கொண்டுட்டுப் போறீங்க?" என்று அழுதாள்.

மகள் ஜெபிஷா பெங்களூரிலிருந்து போனில் பேசினாள். "அப்பா, அந்த டப்பாவை வித்துட்டு நல்லதா ஒண்ணு வாங்குங்கப்பா."

"போனை வைளா" என்றார் தேவபிரசாதம். மகளுக்கு விளக்கிச் சொல்ல அவரிடம் பொறுமை இல்லை. பழக்கம் விட்டுப்போனால் திரும்பப் பிடிப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தது அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. புளோயர் நின்று ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அத்தனை நாளும் வீட்டில் அண்ணாச்சி, அண்ணாச்சி, அண்ணாச்சி.

மாப்பிள்ளையூரணியில் கார் ஏ.சி. பார்க்கிற சுடலைக்கண்ணன் வந்தான். பழைய பியூஸைப் பிடுங்கிப் பார்த்தான், உருகியிருந்தது. புதுசு போட்டு சுவிட்சைத் தட்டினான். டப்! அதுவும் போயிற்று. இன்னொன்று போட்டான், அதுவும் காலி.

"மோட்டார் எரிஞ்சிட்டு அண்ணாச்சி. இந்த மாடலுக்கு இங்கன சாமான் கெடையாது. மதுரைப் பக்கம் எவன்ட்டயாவது பழசு கெடந்தா உண்டு."

"எத்தன நாளாவும்லே?"

"அது ஒங்க ஏசுசாமிக்குத்தான் தெரியும்" என்று சிரித்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தேவபிரசாதத்துக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவரும் ஒன்றும் தெரியாதவரில்லை. துறைமுகத்தில் மின்சாரப் பிரிவில் கிரேன்களோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவர். மறுநாள் காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய பெட்டியிலிருந்து கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் தலைகீழாகப் படுத்தார். இடுப்பு 'கடக்' என்றது. "சும்மா கெட" என்று இடுப்பை அதட்டினார்.

மோட்டாருக்குப் போகிற வயரைக் கழற்றிவிட்டு, புதுப் பியூஸ் ஒன்றை மாட்டி சுவிட்சைப் போட்டார். இந்தத் தடவை பியூஸ் போகவில்லை. வயர் நுனியில் லாம்பை வைத்தார், எரிந்தது. அப்படியானால் வயரிலும் சுவிட்சிலும் குற்றமில்லை. மோட்டார்தான் கரண்டைக் கண்டமேனிக்குத் தின்கிறது. சுடலைக்கண்ணன் சொன்னதுதான் சரியோ? மூக்கைக் கொண்டுபோய் மோட்டாரோடு ஒட்டி வைத்து மோந்து பார்த்தார். எரிந்த மோட்டாருக்கென்று ஒரு வாடை உண்டு, ஒரு தடவை மோந்தவன் சாகிறவரைக்கும் மறக்க மாட்டான். அது இல்லை. வேறு ஏதோ ஒரு வாசனை இருந்தது. தெரிந்த வாசனைதான், ஆனால் பிடிபடவில்லை.

பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்து மோட்டாரில் தொட்டுப் பார்த்தார். 'ம்ம்ம்' என்று முனகியது, சுற்றவில்லை. சட்டென்று கையை எடுத்தார். எரிந்துபோனது முனகுமா? அட, உயிர் இருக்கிறதே! முன்னே ஒரு தடவை ஹார்பர் கிரேன் ஒன்று இதே மாதிரி முனகிக்கொண்டு நின்றது. கழற்றிப் பார்த்தால் மோட்டார் விசிறியில் சாக்குக் கயிறு சுற்றிக் கிடந்தது. இங்கேயும் ஏதோ ஒரு சனியன் விசிறியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எலி கூடு கட்டியிருக்கும் என்று நினைத்தார்.

டேஷ்போர்டுக்கு அடியில் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உப்புக் காற்றில் துருப்பிடித்து, ஒவ்வொன்றும் உயிரை வாங்கியது. கடைசியில் புளோயர் பெட்டி பொதுக்கென்று மார்பில் விழுந்தது. உள்ளே கையை விட்டார். எலியும் இல்லை, கூடும் இல்லை. கையோடு வந்தது ஒரு ஓலைச் சிலுவை.

அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. சில முழுசாக, சில கை ஒடிந்து, சில பொடிப்பொடியாக. கடைசியாக விசிறிக்குக் குறுக்கே சொருகிக்கொண்டு நின்றது, இன்னும் மஞ்சள் மாறாத ஒரு புதுச் சிலுவை. அத்தனையும் கிரேசி முடைந்தது. அந்த முடிச்சு வேறு யாருக்கும் வராது, நடுவில் சின்னதாக ஒரு பூ மாதிரி மடித்திருப்பாள்.

தேவபிரசாதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வருஷா வருஷம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் பவனி முடிந்து வந்ததும், கிரேசி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டே தன் கையிலிருந்த ஓலையைக் கிழித்துச் சிலுவை முடைவாள். முன்கண்ணாடிக்கு அடியிலிருக்கிற நீளத் துவாரத்தில் அதைச் செருகி வைப்பாள். "இது அடுத்த வருசம் வரைக்கும் இருக்கணும், கேட்டீங்களா" என்பாள். ஆனால் இருக்காது. மாம்பழ சீசன் முடிவதற்குள் எப்படியோ காணாமல் போய்விடும். பழி யார் மேல்? இவர் மேல்தான். பிரசங்கத்தின்போது வாசல் பக்கம் உட்கார்ந்து வாட்சைப் பார்க்கிற ஆள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்?

"நீங்கதான் தூக்கி எறிஞ்சீங்க."

"சத்தியமா நான் தொடல ஏளா."

"சத்தியமே பண்ணக் கூடாது. அதுலயும் பொய்ச் சத்தியமா?"

இந்தச் சண்டை இல்லாமல் ஒரு வருஷம் போனதில்லை. நாசரேத் கோயிலில் ஊருக்கே சாப்பாடு போடுகிற அசனப் பண்டிகைக்குப் போகிற வழியெல்லாம் இதே பஞ்சாயத்துதான். தருவைகுளத்துக்கு மீன் வாங்கப் போனபோது ஒருதரம், மீன்காரி முன்னாலேயே, "இவங்க ஓலைச் சிலுவைய எறியுத ஆளு" என்று சொல்லிவிட்டாள். பாஸ்டர் ஐயாவிடம் கூடச் சொல்லிவிட்டாள். அவரும் "பரவாயில்ல அண்ணாச்சி, மனந்திரும்புங்க" என்று தோளைத் தட்டினாரே! அந்த வயிற்றெரிச்சல் இவருக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. வண்டி வாங்கும்போது அதில் ஏ.சி. இல்லை. பிறகு மதுரையிலிருந்து வந்த ஒரு ஃபிட்டர்தான் பொருத்திக் கொடுத்தார். மேலேயிருந்த அந்த நீளத் துவாரத்தைச் சும்மா விடுவானேன் என்று, புளோயர் காற்றை இழுக்கிற வாயாக அதையே அவர் மாற்றிவிட்டிருந்தார். கிரேசி பக்தியாகச் செருகுவாள், ஓலை காய்ந்து சுருங்கியதும் புளோயர் நைசாக உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே ஒரு கம்பிவலை இத்தனை வருஷமும் சிலுவைகளைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வலை துருப்பிடித்து அறுந்ததும் மொத்தமும் விசிறி மேல் வந்து விழுந்துவிட்டது. அந்தப் புதுச் சிலுவை இந்த வருஷத்தது. இவரை யாரென்று தெரியாவிட்டாலும், வீட்டில் வைத்து ஓலையைக் கையில் கொடுத்ததும் அவள் விரல்கள் தானாக முடைந்தன. முடைந்து "இந்தாங்க அண்ணாச்சி" என்று கொடுத்தாள். அவள் வைக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று அதைத் துவாரத்தில் செருகியது இவர்தான்.

"பாத்தியாளா!" என்று காலி வண்டிக்குள் கத்தினார். "பாத்தியா! நான் எறியலன்னு தலையால தண்ணி குடிச்சனே, கேட்டியா?" சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

பெட்டியைச் சுத்தம் செய்து, புதுக் கம்பிவலை வெட்டி வைத்து, எல்லாவற்றையும் மாட்டி முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. பியூஸைப் போட்டு, சுவிட்சைத் தட்டினார். புளோயர் ஒரு தரம் செருமியது. அப்புறம் உஸ்ஸென்று காற்று பீறிட்டு வந்தது. காய்ந்த ஓலை வாசனை வண்டி முழுக்க நிறைந்தது. காலையில் பிடிபடாமல் போக்குக் காட்டிய வாசனை அதுதான். இத்தனை வருஷமும் இந்த வண்டிக்கென்று இருந்த வாசனையும் அதுதான். சீட்டு வாசனை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்!

குளித்து, சட்டை மாற்றி, முழுசாக இருந்த சிலுவைகளை ஒரு துண்டில் பொதிந்து டேஷ்போர்டின் மேல் வைத்தார். ஒரே வார்த்தை, அவள் வாயால் 'நீங்க எறியல' என்று ஒரே வார்த்தை வாங்கிவிட வேண்டும். வெயில் தாழ்ந்ததும், கிரேசியைப் பார்த்துக்கொள்கிற செல்வலட்சுமி அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்சீட்டில் உட்கார வைத்தாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரங்க…"

"வந்துருவாரும்மா" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடிகளை ஏற்றினார். ஏ.சி.யைப் போட்டார். ஹார்பர் ரோட்டுக்கு வண்டியைத் திருப்பினார். கிரேசி கையைப் பிசைந்துகொண்டே இருந்தாள். உப்பளம் தாண்டியது. ஒன்றும் நடக்கவில்லை. பழக்கம் விட்டுப்போயிற்றோ, பிந்திவிட்டோமோ என்று தேவபிரசாதம் பயந்தார். வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

குளிர்காற்று அவள் முன்நெற்றி முடியை அசைத்தது. அவள் மூச்சை இழுத்தாள். மறுபடியும் ஆழமாக இழுத்தாள். தோள் இறங்கியது. கை தானாக நீண்டு துண்டைப் பிரித்தது. ஒரு சிலுவையை எடுத்து நடுவிலிருந்த பூ மடிப்பை விரலால் தடவினாள். பிறகு மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். பார்த்த பார்வையில் பழைய கணக்கு டீச்சர் இருந்தாள்.

"ஏங்க" என்றாள்.

தேவபிரசாதம் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முழுசாக அவள் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, நீங்கதான இதையெல்லாம் தூக்கி எறிஞ்சீங்க?"

துவாரம், கம்பிவலை, மதுரை ஃபிட்டர் என்று சொல்லுவதற்கு எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. காலையிலிருந்து மனசுக்குள் பேசிப் பார்த்து வைத்திருந்ததுதான். அவர் அவள் முகத்தையே பார்த்தார். இத்தனை வருஷமாக யாரைத் திட்டினாளோ அவரையேதான் திட்டிக்கொண்டிருந்தாள். ஆள் மாறவில்லை.

"ஆமாளா" என்றார். "நாந்தான் எறிஞ்சேன்."

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் கிரேசி. "இத்தன வருசமா வாயத் தெறந்து ஒத்துக்கிட்டீங்களா? நீங்கள்லாம் ஒரு மனுசனா?"

"இல்லதான்" என்று வண்டியைக் கிளப்பினார் தேவபிரசாதம். "இன்னும் ரெண்டு வார்த்த திட்டுளா."