வெறுங்கால் வகுப்பு

குளிர்காலம் பிறந்ததும் எங்கள் பள்ளி மேடத்துக்கு ஞானம் பிறந்தது. பிள்ளைகள் பனி விழுந்த புல்லில் வெறுங்காலோடு நடந்தால் நோய் நொடி அண்டாதாம். கம்பளிக் காலுறைக்கு மேல் ஷூ போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி அவர் இதைச் சொன்னபோது பெற்றோர் எல்லாரும் தலையாட்டினார்கள். அதற்குத் தனிக் கட்டணம் என்றதும் இன்னும் பலமாக ஆட்டினார்கள்.

அந்த மழலையர் பள்ளியில் எனக்கு ஆயா வேலை. காரில் வந்து இறங்கும் பிள்ளைகளின் ஷூவைக் கழற்றி வைப்பேன். முதல் நாள் ஒன்றுகூடப் புல்லில் நிற்கவில்லை. கால் பட்டதும் வீலென்று அலறி என் இடுப்பில் ஏறப் பார்த்தன.

அந்த நேரம் பார்த்து என் மகள் குழாயடியிலிருந்து புல்லைக் கடந்து என்னிடம் வந்தாள். ஆறு வயது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் கூடவே கூட்டி வந்திருந்தேன். வெறுங்கால்தான், செருப்பு அறுந்து ஒரு மாதமாகியிருந்தது.

மேடம் கைதட்டினார். "பாருங்க, இதுதான் இயற்கையோட வளர்ற குழந்தை! குளிரே தெரியல பாருங்க இவளுக்கு!"

"ஆமா மேடம், சின்னதுலேருந்தே அவளுக்குக் குளிர் தெரியாது" என்று நானும் ஒத்து ஊதினேன். சம்பளம் கொடுப்பவருக்காகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன்.

மறுநாளிலிருந்து என் மகள் முன்னால் நடந்தாள். அவளைப் பார்த்து ரோஷம் வந்து மற்ற பிள்ளைகளும் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். வாசல் பலகையில் அவள் படம் ஏறியது, என் சம்பளமும் கொஞ்சம் ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வேலையாக அவளுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். அடுத்து வந்த விடுமுறை முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினாள்.

பள்ளி திறந்த அன்று ஷூவைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் வைத்தவள், "ஐயோ, சில்லுங்குது!" என்று துள்ளி வெளியே வந்துவிட்டாள்.

அவ்வளவுதான். பின்னால் நின்ற படை மொத்தமும் ஓவென்று அழ ஆரம்பித்தது.

"நல்லா இருந்த காலைக் கெடுத்துட்டீங்களே!" மேடத்துக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "ஷூவெல்லாம் யார் வாங்கச் சொன்னா? மறுபடியும் வெறுங்கால்ல பழக்கிக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் நீங்களும் வேலைக்கு வர வேண்டாம்."

மேடத்தின் மேல் காட்ட முடியாத கோபமெல்லாம் மகள் மேல் பொத்துக்கொண்டு வந்தது. இளைத்தவர் மேல்தானே எல்லாருக்கும் கை நீளும். கழற்றிய ஷூவோடு அவளைத் தெருவுக்கு இழுத்து வந்து கத்தினேன்.

"நாலு நாள் ஷூ போட்டதும் மகாராணி ஆயிட்டியாடி? இத்தனை நாள் இல்லாத குளிர் இன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அவள் குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"அப்பவும் இப்படித்தாம்மா இருந்துச்சு. அப்ப போட்டுக்க ஷூ இல்ல. சொல்லி என்ன பண்றது?"