அவுரு வந்துட்டாரு

கோகிலவாணியின் புருஷன் பெயர் பகலவன். கட்சி மேடையில் யாரோ ஆசையாக வைத்த பெயர். புருஷன் பெயரைச் சொல்லக் கூச்சப்படும் ஊரில் அது அவளுக்கு இரட்டைத் தொல்லை. பகலவன் என்றால் சூரியன்தான் என்று தெரிந்த நாளிலிருந்து, சூரியன் என்ற சொல்லையும் அவள் வாயில் எடுப்பதில்லை. வீட்டில் இருப்பவரும் அவுரு, வானத்தில் இருப்பவரும் அவுரு.

1987 புரட்டாசி பிறந்ததும் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. பகலவன் சங்கராபுரம் பக்கம் போனான். மறுநாளே அவனைப் போலீஸ் பிடித்து, கல்யாண மண்டபம் ஒன்றில் அடைத்திருப்பதாகத் தகவல் வந்தது. விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்குப் பிடித்த அரை ஏக்கர் மரவள்ளியை மறியலுக்கு முந்தின நாள்தான் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். ஏற்ற லாரி வரவில்லை. வடக்கனந்தல் சாலை நெடுக, மறியல்காரர்கள் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் கிடந்தன.

பிடுங்கிய மரவள்ளி பிள்ளைத்தாய்ச்சி மாதிரி, காத்திரு என்றால் கேட்காது. மூன்றாம் நாள் உள்ளே நீலக்கோடு ஓடிவிடும். அப்புறம் பத்து மாத உழைப்பும் குப்பைக்குழிக்குத்தான். குவியலின் முன்னால் நின்று கோகிலவாணி அழுதாள்.

அழுத கண்ணைத் துடைத்தபோதுதான் சாலையைப் பார்த்தாள். மரம் போன இடத்தில் நிழல் இல்லை, பஸ் இல்லை. தார் முழுக்க வெயில்.

"சீவி ரோட்டுல காய வெப்பம்க்கா. காஞ்ச வில்லை மாவு மில்லுக்கு எப்ப வேணா போவும்" என்றாள் பக்கத்து வீட்டு ஆயம்மாளிடம்.

"உன் வூட்டுக்காரரு மறியலுக்குப் போனா, நீ ரோட்டையே வளைச்சிக்கிறியா?" என்று ஆயம்மாள் சிரித்தாள். ஆனால் அரிவாள்மனையோடு வந்து உட்கார்ந்தாள்.

இருவரும் கை சிவக்கச் சீவினார்கள். தார்ச்சாலை வெள்ளையாகிக்கொண்டே போனது. கோகிலவாணிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பத்து மாதம் இலை வழியாக ஊட்டி, மண்ணுக்குள் கிழங்கைப் பருக்க வைத்தவரும் வானத்தில் இருக்கும் அவர். இப்போது ஈரத்தை உறிஞ்சி அதைக் கெடாமல் காப்பவரும் அவரே. கூப்பிடாமல் வந்து வேலை செய்யும் ஆள் உலகத்தில் வேறு யார்?

காய வைத்த மூன்றாம் நாள் கல்வராயன் மலைப்பக்கமிருந்து மேகம் இறங்கியது. பாதி காய்ந்த வில்லையில் மழை விழுந்தால் பூஞ்சணம்தான். நாலு சொட்டும் விழுந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் படியளக்குறவரு, எனுக்கு மட்டும் மூஞ்சத் திருப்பிக்கினா எப்பிடி?" என்று வானத்தைப் பார்த்துச் சண்டை பிடித்தாள். சொல்லி வாய் மூடவில்லை, மேகம் விலகியது.

"வந்துட்டாரு! அவுரு வந்துட்டாரு!"

அடுப்படியிலிருந்து ஆயம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள். "எங்கடி? போலீசு வுட்டுட்டாங்களா?"

கோகிலவாணி மேலே கை காட்டினாள். ஆயம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறியல் முடிந்த மறுநாள். கோகிலவாணி ஒரு வில்லையை எடுத்து ஒடித்தாள். படக்கென்று ஒடிந்தது. அந்தச் சத்தத்தில் அவள் மனசு நிறைந்துவிட்டது. கடைசிச் சாக்கைத் தைத்துக்கொண்டிருக்கையில் ஆயம்மாள் கத்தினாள்.

"அடியே, அவுரு வந்துட்டாரு!"

கோகிலவாணி சட்டென்று வானத்தைப் பார்த்தாள்.

"மேல இன்னா பாக்குற? நான் இங்க நிக்கிறேன்" என்றான் பகலவன், ஒரு வாரத் தாடியோடு. அடுக்கியிருந்த சாக்குகளைத் தடவிப் பார்த்தான். "நான் இல்லாம, தனியா எப்பிடிம்மே இத்தினியும் காய வச்ச?"

"தனியா எங்க? நீங்கதான் இல்ல" என்றாள். "அவுரு கூடவே இருந்தாரு."