மருந்துக்கடைக்காரரின் முதல் மேடை

"தெரியாம மிதிச்சா எறும்புக்கு வலிக்காதாப்பா?" என்று மருந்துக்கடைக்காரரின் மகள் ஐந்து வயதில் ஒருமுறை கேட்டாள். அவர் சிரித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிப் போனார்.

பத்து வருடம் கழித்து அவர் வார்டு தேர்தலில் நின்றார். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர் என்றுதான் கட்சி அவரைத் தேடி வந்தது. முதல் கூட்டத்தில், பாதி எரிந்துபோன பஞ்சுக் கிடங்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்த நாலு வரி தீர்ந்ததும், கடையில் நின்று வாடிக்கையாளரிடம் பேசுகிற பழக்கத்தில் வாய் ஓடியது.

"எப்படி எரியாம இருக்கும்? அங்க ராத்திரி வாட்ச்மேனா இருக்கிறவரு மாசாமாசம் என்கிட்டதான் தூக்க மாத்திரை வாங்குறாரு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவருக்கும் மேடைக் கூச்சம் விட்டது.

மாத்திரை வாட்ச்மேனின் அம்மாவுக்கு. இரண்டு வருடமாகப் படுக்கை; பேச்சும் போய்விட்டது. டாக்டர் சீட்டைப் பார்த்துக் கொடுத்தவருக்கு அது தெரியாததில்லை.

கிடங்கில் வாட்ச்மேனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை என்றார்கள். கட்சிச் செயலாளர் அலட்டிக்கொள்ளவில்லை. அண்ணன் அரசியலுக்குப் புதுசு, வாய் தவறுவது சகஜம், ஓட்டு முடியும்வரை பேசாமல் இருந்தால் போதும் என்றார். கடைக்காரருக்கு அது இதமாக இருந்தது. மூன்று நாள் அதையே போர்த்திக்கொண்டு கிடந்தார்.

மனைவிதான் சாப்பாட்டுத் தட்டை வைத்தபடி கேட்டாள்: "அரசியல் புதுசு, சரி. மருந்துக்கடை இருபது வருஷமாச்சே?"

அதற்குள் வெள்ளிக்கிழமை போயிருந்தது. வாட்ச்மேனுக்கு வேலையும் போயிருந்தது.

சனிக்கிழமை கடைக்காரர் அவர் வீட்டுக்குப் போனார். வாட்ச்மேன் கோபப்படவில்லை. "கடையில பேப்பர்ல சுத்திக் கொடுத்தீங்க சார். மேடையில பிரிச்சுட்டீங்களே," என்றார். உட்காரச் சொல்லவில்லை.

மறுநாள் கூட்டத்தில் கடைக்காரர், தான் சொன்னது அநியாயம், அந்த மனிதர் மேல் குற்றமில்லை என்றார். மாத்திரை யாருக்கு என்று கீழேயிருந்து ஒருவன் கத்தினான். அதை மட்டும் சொல்லாமல் அவர் மேடையிலிருந்து இறங்கினார். கட்சி கைகழுவியது. தேர்தலில் தோற்றார். கிடங்கில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

வாட்ச்மேன் இப்போது பகலில் மூட்டை தூக்குகிறார். அம்மா வீட்டில் தனியே கிடக்கிறாள். மதியம் கடைக்காரர் அரை மணி நேரம் கடையைச் சாத்திவிட்டுப் பின்சந்து வழியாகப் போகிறார். கதவுக்குத் தாழ் இருக்காது. கண்மூடிக் கிடக்கும் கிழவியை மெல்ல மறுபக்கம் புரட்டுகிறார். முதுகுப் புண்ணைத் துடைத்து, மருந்து வைத்துக் கட்டுகிறார். உதட்டை நனைக்கிறார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, வந்த வழியே திரும்புகிறார்.